உரிந்த தோலும் கத்தரித்த அட்டையும்

இரண்டு நாளாகக் காய்ச்சல். கண் சிவந்து எரிகிறது. உதட்டிலும் நாக்கிலும் புண். எச்சில் விழுங்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் முகத்திலும் நெஞ்சிலும் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள். நம் வீடுகளில் இதைப் பார்த்ததும் வருகிற சொல் 'அம்மை'. யாராவது ஒருவர் எழுந்துபோய் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகிவிடுவார்கள்.

பழைய நாளில் அம்மை கண்ட வீட்டுக்குள் மருந்து மாத்திரை நுழையாது. இளநீர், கூழ், வேப்பிலைப் படுக்கை, அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாட்டைப் பகுத்தறிவாளர்கள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் நியாயமாகத்தான். ஆனால் நான் சொல்ல வந்த நோயைப் பொறுத்தவரை அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இது அம்மை அல்ல. அநேகமாக, விழுங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு மாத்திரைக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. அந்த மாத்திரையை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. காரணம் தெரியாமலே பாட்டி அதைச் செய்திருப்பாள். இன்றைய வீட்டில் வேப்பிலையும் இருக்கிறது. பழைய மாத்திரையும் தொடர்கிறது. காய்ச்சலுக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய புது மாத்திரை இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு காலத்துப் பிழைகளும் ஒரே வீட்டில்.

இந்த நோய்க்குப் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். முற்றினால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ், சுருக்கமாக டென். இரண்டும் தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரண்டு அளவுகள். உடற்பரப்பில் பத்து விழுக்காட்டுக்குள் தோல் கழன்றால் முதல் பெயர். முப்பதைத் தாண்டினால் இரண்டாவது. நடுவில் நின்றால் இரண்டும் கலந்தது. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்று வைத்துக்கொண்டு மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். ஒரு முதுகு முழுவதும் போனால் அது பதினெட்டு உள்ளங்கை.

அபூர்வமான நோய்தான். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கு வரும். ஆனால் வந்தவர்களில் சிறிய அளவோடு நிற்பவர்களிலேயே பத்துப் பேருக்கு ஒருவர் வரை இறக்கிறார்கள். டென் அளவுக்குப் போனால் மூவரில் ஒருவர். தீக்காயத்துக்கு இணையான கணக்கு இது, தீயே இல்லாமல்.

1922-இல் நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் இருவரும் ஏழு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். விடாத காய்ச்சல், வெந்துபோன வாய், சீழ் வடியும் கண், உடம்பெங்கும் தடிப்பு. அவர்கள் அதற்கு வைத்த தலைப்பில் 'புதிய காய்ச்சல்' என்ற பொருள்தான் இருந்தது. மருந்து என்ற எண்ணத்துக்கு அந்தத் தலைப்பில் இடமே இல்லை. பென்சிலினே வராத காலம் அது.

1956-இல் ஸ்காட்லாந்துத் தோல் மருத்துவர் ஆலன் லயல், கொதிநீர் கொட்டியதுபோல் தோல் உரிந்த நான்கு பேரைப் பற்றி எழுதினார். 'டாக்சிக்' என்ற அடைமொழி அவர் கொடுத்தது. உடம்புக்குள் ஏதோ நஞ்சு ஓடுகிறது என்று அவருக்குப் பட்டது. அந்த நால்வரையும் ஒரே நோய்க்காரர்களாக அவர் சேர்த்துவிட்டது பிறகு தெரிந்தது. அவர்களில் ஒருவருக்காவது வந்தது வேறு நோய், கிருமியால் வருவது. 1970-இல் அமெரிக்காவில் மெலிஷ், கிளாஸ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஒரு வகை ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, அவற்றின் தோல் உரிவதைக் காட்டினார்கள். அந்தக் கிருமி விடும் நஞ்சு, தோலின் மேலடுக்குச் செல்களை ஒன்றோடொன்று தைத்திருக்கும் டெஸ்மோக்ளீன்-1 என்ற புரதத்தை வெட்டுகிறது. தையல் பிரிகிறது; துணி கெடவில்லை.

இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் தோலை விரலால் லேசாகத் தேய்த்தால் ஈரக் காகிதம்போல் நழுவும். ஆனால் கிருமியால் வருவது பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு. வாய்க்குள் புண் இராது. மேலே மெல்லிய ஏடு மட்டும் கழலும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வடுவில்லாமல் ஆறிவிடும். மருந்தால் வருவதில் மேல்தோலின் முழுக் கனமும் செத்து, அடித்தோலைவிட்டுப் பிரிந்து வருகிறது. வாய், கண், பிறப்புறுப்பு என்று ஈரப்பசையுள்ள இடங்கள் முதலில் வேகின்றன. அதனால்தான் தோல் மருத்துவர் உடம்பை விட்டுவிட்டு முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறார். ஐயம் இருந்தால் துளித் தோலை எடுத்து உறையவைத்துச் சீவி நுண்நோக்கியில் பார்ப்பார்கள். பிளவு எந்த ஆழத்தில் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு கிருமியும் இந்தக் கதையில் உண்டு: மைக்கோபிளாஸ்மா. பள்ளிப் பிள்ளைகளுக்கு இருமலும் சளியுமாகத் தொடங்கி, சிலருக்கு வாயும் உதடும் கண்ணும் மோசமாகப் புண்ணாகிவிடும். தோலில் பாதிப்பு குறைவாகவே இருக்கும். இதையும் நெடுநாள் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்றே சொல்லிவந்தார்கள். இப்போது தனியாகப் பிரித்துவிட்டார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள் என்பதும், வீணாக ஒரு நல்ல மருந்தின்மேல் பழி விழாமல் போகும் என்பதும் பிரித்ததன் பலன்.

சரி, மருந்து எப்படித் தோலைக் கொல்கிறது? மாத்திரையில் விஷம் இருந்ததா? இல்லை. அதே பட்டியில் வந்த மாத்திரையை விழுங்கிய ஆயிரக்கணக்கானோர் நலமாக இருக்கிறார்கள். கொலையாளி நம் ரத்தத்தில் ஓடும் டி செல் என்ற வெள்ளணு.

உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஏந்துகிற கைக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். ரோந்து வரும் டி செல் அந்தக் கையில் இருப்பதைத் தடவிப் பார்க்கும். சொந்தச் சரக்கானால் கடந்துபோகும். வைரஸின் துணுக்கானால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். வைரஸ் பரவாமல் தடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் இந்தக் கையின் குழிவு மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. ஆயிரக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. சில வடிவங்களின் குழிவில் சில மருந்து மூலக்கூறுகள் உள்ளங்கையில் நெல்லிக்கனிபோல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடுகின்றன. டி செல்லுக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. தோல் செல்லைக் கொல்ல உத்தரவு பிறக்கிறது.

இதில் ஆய்வாளர்களை நெடுநாள் குழப்பிய ஒன்று உண்டு. செத்த தோலை நுண்நோக்கியில் பார்த்தால் டி செல்கள் கொஞ்சமே இருக்கும். சாவோ கணக்கில்லாமல் இருக்கும். இத்தனை சிறிய படை இத்தனை பெரிய அழிவை எப்படிச் செய்தது? 2008-இல் தைவான் ஆய்வாளர்கள் நோயாளிகளின் கொப்புள நீரையே எடுத்துச் சோதித்தார்கள். அதில் கிரானுலைசின் என்ற கொல்லும் புரதம் மிதமிஞ்சி இருந்தது. டி செல்கள் ஒவ்வொரு தோல் செல்லையும் தொட்டுக் கொல்லவில்லை. அந்தப் புரதத்தைச் சுரந்துவிட்டு ஒதுங்கிநிற்கின்றன. அதை எலியின் தோலில் செலுத்தினால் அங்கேயும் கொப்புளம் எழுந்தது.

இதே தைவான் குழுவினர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வேறொன்றைக் கண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால், இந்நோயின் வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்பு அதுதான். வலிப்புக்கும், முகத்தில் மின்னல்போல் வெட்டும் நரம்பு வலிக்கும், மனநோய் சிலவற்றுக்கும் கொடுக்கப்படும் கார்பமாசெபின் என்ற மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்த 44 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி*15:02 என்ற ஒரே வடிவம் இருந்தது. அதே மருந்தை விழுங்கி ஒன்றும் ஆகாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம்தான் இருந்தது. மருத்துவத்தில் நூற்றுக்கு நூறு என்பது எப்போதாவதுதான் கண்ணில் படும்.

கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. தைவானில் 23 மருத்துவமனைகளில், கார்பமாசெபின் தொடங்கவிருந்த 4,800-க்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் ரத்தம் சோதித்தார்கள். அந்த வடிவம் இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி அத்தனை பேரில் பத்துப் பேருக்காவது தோல் உரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் உரியவில்லை. 2011-இல் இந்த முடிவு வெளிவந்தது. அதற்கு முன்பே, 2007-இல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஆசிய வம்சாவளியினருக்கு இச்சோதனை வேண்டும் என்று மருந்துக் குறிப்பில் எழுதவைத்தது. சிங்கப்பூர் 2013-இல் இதை நடைமுறையாகவே ஆக்கிவிட்டது. அங்கே ஆசிய வம்சாவளியினர் எல்லோருக்குமான விதி அது, தமிழரும் அதில் அடக்கம்.

நமக்கு எந்த அளவு பொருந்தும்? அந்த அமெரிக்கக் குறிப்பு, இந்தியர் உள்ளிட்ட தெற்காசியரில் சராசரியாக நூற்றுக்கு 2 முதல் 4 பேரிடம் இந்த வடிவம் இருப்பதாகவும், சில குழுக்களில் கூடுதல் என்றும் சொல்கிறது. சீனர், தாய்லாந்துக்காரரைவிடக் குறைவு, ஜப்பானியரைவிட அதிகம். இந்திய நோயாளிகளிடமும் மலேசிய இந்தியரிடமும் நடந்த ஆய்வுகளில், 15:02 மட்டுமின்றி ஏ*31:01 என்ற இன்னொரு வடிவமும் கார்பமாசெபினோடு சேர்ந்து பேசப்படுகிறது. ஆகவே தைவானின் நூற்றுக்கு நூறை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஒரு சோதனை 'இல்லை' என்று சொன்னால் முழு நிம்மதி இல்லை. 'உண்டு' என்று சொன்னாலும், அந்த வடிவம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மருந்து ஒன்றும் செய்வதில்லை. ஏந்துகிற கை மட்டும் போதாது, அதைத் தவறாகப் படிக்கிற குறிப்பிட்ட வகை டி செல்லும் அதே உடம்பில் இருக்க வேண்டும். ஆனாலும் வேறு நல்ல வலிப்பு மருந்துகள் இருக்கும்போது இந்தச் சூதாட்டம் எதற்கு என்பதுதான் கேள்வி. சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

கார்பமாசெபினுக்கு அடுத்தபடி நான் விரல் நீட்டுவது அலோப்யூரினாலை நோக்கி. யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் கவுட் நோய்க்கு அது அருமையான மருந்து. ஐரோப்பாவில் இந்தத் தோல் நோயைக் கொண்டுவரும் மருந்துகளில் முதலிடம் பிடித்ததும் அதுதான். பி*58:01 வடிவம் உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு, அறிக்கையில் யூரிக் அமிலத்துக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி இருப்பதைப் பார்த்துவிட்டு, வலியோ வீக்கமோ ஒன்றும் இல்லாத மனிதர் இந்த மாத்திரையைத் தொடங்குவது சாதாரணமாகிவிட்டது. காகிதத்தில் உள்ள எண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மருந்தின் விஷயத்தில் அறவே இல்லை.

பட்டியலில் மற்றவர்கள்: ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகள், கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகள், எச்.ஐ.வி.க்கான நெவிராபின், பைராக்சிகாம், மெலாக்சிகாம் வகை வலி மாத்திரைகள்.

இந்த இடத்தில்தான் துப்பறியும் வேலை வருகிறது. பலரும் தவறுவதும் இங்கேதான். மாத்திரை விழுங்கிய அரைமணியில் உடம்பெல்லாம் அரித்துத் தடிக்கிற ஒவ்வாமையை நாம் அறிவோம். அதே கணக்கை இங்கே போட்டு, 'நேற்று என்ன மாத்திரை சாப்பிட்டாய்?' என்று கேட்கிறோம். அது தப்புக் கேள்வி. இந்நோய், காரணமான மருந்தைத் தொடங்கிய நான்காம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். சிலருக்கு எட்டு வாரம்வரைகூட ஆகலாம். முதல் அறிகுறியோ வெறும் காய்ச்சலும் தொண்டை வலியும். அதற்காக ஒரு பாராசிட்டமாலும் ஏதோ ஓர் ஆன்டிபயாடிக்கும் விழுங்குகிறோம். மறுநாள் தோல் கறுத்துக் கொப்புளிக்கிறது. பழி அந்தப் பாராசிட்டமால்மேல் விழுகிறது. உண்மைக் குற்றவாளி மூன்று வாரத்துக்கு முன்பே வீட்டுக்குள் வந்தவன். யாரும் அவனைச் சந்தேகிக்காததால் மறுநாளும் உணவுக்குப் பின் உள்ளே போகிறான்.

இப்படி ஒவ்வொரு நாளும் போவதற்கு விலை உண்டு. பிரான்சில் 113 நோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளை ஒருநாள் முன்னதாக நிறுத்தினால் சாவின் அபாயம் முப்பது விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. நீண்ட நாள் தங்கும் மருந்துகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை யாரும் பயந்து தூக்கிப்போட வேண்டாம். ஒன்றுமில்லாதபோது திடீரென்று நிறுத்தினால் வலிப்பே உயிரை வாங்கும். ஆனால் புது மாத்திரை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு கண் எரிச்சல், வாய்ப்புண், தொட்டால் வலிக்கிற தடிப்பு என்று வந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அரிப்பைவிட வலி அதிகம் என்பது முக்கியமான அடையாளம். மாற்று மருந்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கார்பமாசெபினால் வந்தவருக்கு ஃபெனிடாயினோ ஃபீனோபார்பிட்டாலோ கொடுப்பது அதே குடும்பத்து அண்ணன் தம்பியை அழைத்துவருவதற்குச் சமம் என்பதும் அவர்களுக்குத் தெரியும், தெரிய வேண்டும்.

மருத்துவமனையில் நடப்பது ஏறக்குறைய தீக்காயச் சிகிச்சைதான். தோல் என்ற உறை போனதும் நீர் வெளியேறுகிறது. உடம்புச் சூடு நிற்பதில்லை. கிருமிக்குக் கதவு திறந்துகிடக்கிறது. பெரும்பாலான சாவுகள் ரத்தத்தில் கிருமி கலப்பதால் வருகின்றன. நீர், ஊட்டம், வெதுவெதுப்பான அறை, சுத்தமான கை. பஞ்சும் துணியும் புண்ணில் ஒட்டிக்கொண்டு, மாற்றும்போது இருக்கிற தோலையும் உரித்துவந்துவிடும் என்பதால் நம் ஊர்த் தோல்நோய் வார்டுகளில் வாழையிலை விரிப்பதுண்டு. மெழுகுப் பூச்சும் குளிர்ச்சியும் உள்ள இலை, ஒட்டாது, மலிவு. இந்திய மருத்துவர்கள் இதைப் பற்றி ஆய்விதழ்களிலும் எழுதியிருக்கிறார்கள்.

மருந்து என்று பார்த்தால் ஸ்டீராய்டு கொடுப்பதா வேண்டாமா என்ற பல பத்தாண்டுச் சண்டை இன்னும் ஓயவில்லை. சைக்ளோஸ்போரின், எடனர்செப்ட் ஆகியவை இப்போது பயனில் இருக்கின்றன. 2024-இல் நேச்சர் இதழில், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவன ஆய்வாளர்கள், நோயாளிகளின் தோலில் ஒவ்வொரு வகைச் செல்லிலும் எந்தப் புரதம் கூடியிருக்கிறது என்று அளந்து, ஜாக்-ஸ்டாட் என்ற சமிக்ஞைப் பாதை கொழுந்துவிட்டு எரிவதைக் கண்டார்கள். அந்தப் பாதையை அடைக்கும் மாத்திரை ஏற்கெனவே மூட்டுவாதத்துக்குப் புழக்கத்தில் உள்ளது. சீனாவில் ஏழு நோயாளிகளுக்கு அவ்வகை மருந்தைக் கொடுத்தார்கள். ஏழு பேரும் தேறினார்கள். ஏழு பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். பெரிய சோதனை நடந்து முடியும்வரை கொண்டாட வேண்டாம்.

உயிர் தப்பியவர்களுக்குத் தோல் சில வாரங்களில் வளர்ந்துவிடும். கண் அப்படி அல்ல. இமையின் உட்புறம் வடுவாகிக் கண்விழியோடு ஒட்டிக்கொள்கிறது, கண்ணீர் வற்றுகிறது, இமையின் விளிம்பு சொரசொரப்பாகி ஒவ்வொரு இமைப்பிலும் விழியை ராவுகிறது. அதனால்தான் முதல் சில நாட்களிலேயே கண் மருத்துவர் வந்து, பனிக்குடச் சவ்வைக் கண்ணில் பொருத்துவது நல்லது என்கிறார்கள். தவறிப்போய்ப் பார்வை முழுவதும் இழந்தவர்களுக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவில் 2003 முதல் ஓர் அறுவை நடக்கிறது. கேட்டால் கதைபோல் இருக்கும்: நோயாளியின் கோரைப்பல்லைத் தாடையெலும்போடு எடுத்து, சீவித் துளையிட்டு, நடுவே ஒரு சிறு பிளாஸ்டிக் லென்ஸைப் பதித்து, கண்ணுக்குக் கீழே தோலுக்கடியில் இரண்டு மூன்று மாதம் புதைத்துவைப்பார்கள். அதைச் சுற்றிச் சதை வளர்ந்ததும் எடுத்துக் கண்ணில் பொருத்துவார்கள். கன்னத்தின் உட்சவ்வு அதற்குப் போர்வை. இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி 1963-இல் தொடங்கிய முறை. வறண்ட கண்ணில் செத்தவர் கொடுத்த கருவிழி நிற்காது. சொந்தப் பல் நிற்கிறது.

பல்லைப் பிடுங்கிக் கண்ணில் வைக்கிற அளவுக்கு வந்துவிட்ட மருத்துவத்துக்கு, நோயாளி மூன்று வாரத்துக்கு முன் என்ன விழுங்கினார் என்பது மட்டும் பல நேரம் தெரிவதில்லை. 'வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை' என்கிறார்கள். நம் கடைகளில் பத்து மாத்திரை அட்டையில் நாலு வேண்டும் என்றால் கத்தரிக்கோலால் நறுக்கி ஒரு காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். நறுக்கிய துண்டில் பெயரின் பின்பாதி மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இராது. என் வீட்டு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பெயர் தெரியாத துண்டுகள் ஐந்து இருந்தன.

ஆகவே வாசகரிடம் சில வேண்டுகோள்கள். புதிதாகத் தொடங்கும் எந்த மாத்திரையின் சீட்டையும் அட்டையையும் இரண்டு மாதம் தூக்கிப்போடாதீர்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் மருந்தின் பெயரை எழுதிவையுங்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. ஒருமுறை இந்நோய் வந்து பிழைத்தவர் அந்த மருந்தின் பெயரை எழுதி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை அது இன்னும் வேகமாக வரும். மருந்தால் தீங்கு நேர்ந்தால் நோயாளியே புகார் தரலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. கடைக்காரர் கத்தரிக்கோலை எடுக்கும்போது, பெயர் இருக்கிற பக்கத்தை நமக்கு விட்டு வெட்டச் சொல்லுங்கள்.